சத்தமில்லாத வண்டி விற்பனைக்கு

வாங்க தம்பி, வாங்க. ஈரோட்டுல இருந்து போன் பண்ணினது நீங்கதானுங்களே? உக்காருங்க. நான் கத்திப் பேசறேன்னு, கோவமா இருக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. என்ற கொரலே இதுதானுங்க. காலமெல்லாம் ரிக்கு வண்டிப் பக்கத்துல நின்னு ஊரு ஊராத் தண்ணிக்குப் போர்க்குழாய் போட்டவன். கம்ப்ரசர் ஓடறப்ப, பக்கத்துல நிக்கறவன்கிட்டத் தண்ணி கேக்கோணும்னாலும் தொண்டை கிழியக் கத்தோணும். திருச்செங்கோட்டுல ரிக்குக்காரங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். எங்கூருல தலகாணி மந்திரங்கூட அடுத்த தெருவுக்குக் கேக்கும்.

வண்டி அந்தா நிக்குது பாருங்க. பாருங்க, நல்லாச் சுத்திப் பாருங்க. ஒரு கீறல் இருக்காது. டீ போட்டுக் குடுக்க ஊட்டுல ஆளில்லீங்க, மோரு இருக்குது, பக்கத்து ஊட்டுல குடுத்துட்டுப் போனாங்க. ஊட்டுக்காரி சம்பூரணம் கோயமுத்தூருல இருக்கறா. மருமவளுக்குப் பிரசவம், பாத்துக்கப் போயிருக்கறா. வந்துருவா. வண்டியைப் பத்திப் பேசலாம். நான் ஒளிச்சு மறைச்சு விக்கற ஆளில்லீங்க. நல்லதும் சொல்றேன், கெட்டதும் சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம்.

என்ற மவன் தீபன்தான் இதை என்ற தலையில கட்டினான். "அப்பா, இனிமே எல்லாம் ஹைப்ரிட்தான்"னான். ஹைப்ரிட்டுன்னா நமக்குத் தெரிஞ்சது தக்காளிதானுங்களே. பாக்கப் பளபளன்னு இருக்கும், ரசம் வெச்சாப் புளிக்காது. வேண்டாம்டான்னுதான் சொன்னேன். ஆனா அந்த மாசம் பாத்து எங்க சகலை வையாபுரி, அதாவது ஊட்டுக்காரியோட அக்கா புருசன், ஒரு பெரிய டீசல் வண்டி எடுத்துட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்தினாரு. ஏறினாரு, எறங்கினாரு, கதவைத் தொறந்தாரு, சாத்தினாரு, ஒரு கூத்துப் பண்ணிட்டுப் போனாரு. "அவரு வண்டியை விட இது வெல எச்சுப்பா"ன்னான் தீபன். அதுக்கு மேல நான் ஒண்ணுமே கேக்கலீங்க.

உள்ள பெட்ரோல் எஞ்சினும் இருக்குது, கரண்டு மோட்டாரும் இருக்குது. மெதுவாப் போனா மோட்டாரே இழுத்துட்டுப் போயிரும், வேகம் புடிச்சா எஞ்சின் வந்து சேந்துக்கும். ஒயரைச் சொருகி சார்ஜ் ஏத்தற வேலையெல்லாம் இல்லை. சேலத்துல வண்டி எடுக்கறப்ப அந்த ஷோரூம் புள்ள சொல்லுச்சு, "சார், பிரேக் புடிச்சாலே பேட்டரி சார்ஜ் ஆயிரும்"னு. அட, சும்மா வருதேன்னு, நான் சேலத்துல இருந்து சங்ககிரி வரைக்கும் பிரேக்கு மேல பிரேக்கு. பின்னால வந்த லாரிக்காரன் ஒருத்தன் பக்கத்துல வந்து, என்ற அம்மாவையெல்லாம் இழுத்துப் பேசிட்டுப் போனான். ஊருக்கு வந்து பாத்தா மைலேஜ் என்ற பழைய டீசல் வண்டியை விடக் கொறைச்சல். ஷோரூமுக்குப் போன் பண்ணிக் கத்தினேன். அந்தப் புள்ள அழுதுட்டுப் போனை வெச்சிருச்சு. சொல்றதை ஒழுங்காச் சொல்லோணுமில்லீங்களா?

அடுத்தது பூசை. மலையடிவாரத்துல கோயில் முன்னால நிறுத்தி, மாலை போட்டு, டயருக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம் வெச்சு, அய்யரு "ஸ்டார்ட் பண்ணுங்கோ"ன்னாரு. பட்டனை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அமுக்கினேன். இல்லை. சுத்தி ஒரம்பரை, சொந்தக்காரச் சனமெல்லாம் நிக்குது, சகலை வேற கையைக் கட்டிட்டு நிக்கறாரு. வேர்த்துப் போச்சுங்க. அமுக்கறேன், அமுக்கறேன், உசுரே வல்லை. ஷோரூம்காரனுக்குப் போன் போட்டா, "சார், ரெடின்னு எழுத்து வந்திருக்குதான்னு பாருங்க, அப்படீன்னா வண்டி ஓடிட்டுத்தான் இருக்குது"ங்கறான். ஒரு தடவை அமுக்கினா ஓடுது, அடுத்த தடவை அமுக்கினா நின்னுக்குது, ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா மனுசனுக்கு எப்படீங்க தெரியும்? அந்தக் கோவத்துல ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சேன். எலுமிச்சம்பழமும் போச்சு, அய்யரோட தேங்காய்த் தட்டும் போச்சு. அன்னிக்குச் சம்பூரணம் சேலைத் தலைப்பை வாயில வெச்சுட்டு அந்தப் பக்கட்டுத் திரும்பிட்டா. பாவம், வருத்தப்படறான்னு நெனச்சேன்.

சரி, சகலை ஊட்டுக்காவது போயி ஒரு தடவை நிறுத்திக் காட்டலாம்னு போனேன். சத்தமே இல்லாமப் போயி வாசல்ல நின்னுது. ஒருத்தரும் வெளிய வல்லை. பெரிய வண்டி எதுக்குங்க வாங்கறது? நம்ம வர்றது நாலு பேருக்குத் தெரியோணும்னுதானே? கடைசில நானே ஹாரன் அடிச்சேன். சகலை எட்டிப் பாத்துட்டு, "என்ன சகலை, வண்டி நின்னு போச்சா? தள்ளோணுமா?"ன்னாரு. இது கெட்டது. நல்லாக் கேட்டுக்குங்க.

நல்லதும் இருக்குதுங்க. டவுனுக்குள்ள மைலேஜ் சொல்லி மாளாது. மத்த வண்டியெல்லாம் சந்தைக் கூட்டத்துல நின்னு நின்னு போனா எண்ணெய் குடிக்கும், இது கூட்டத்துலதான் மிச்சம் புடிக்கும். கிளச்சு இல்லை, கியர் இல்லை, முட்டி வலிக்கு ரொம்பச் சொகம். கெட்டது என்னன்னா, நம்மூரு மெக்கானிக்கு ஒருத்தனும் பானெட்டைத் தொட மாட்டேங்கறான். ஆரஞ்சுக் கலர் ஒயரைப் பாத்தாலே "அண்ணா, கரண்டு அடிச்சுப் போடும், சேலத்துக்கே போயிருங்க"ங்கறானுக. பேட்டரி போனா, அந்த வெலைக்கு ஒரு சின்ன வண்டியே வாங்கலாம். மேட்டுல ஏறறப்ப எஞ்சின் ஓன்னு ஒப்பாரி வெக்கும், வண்டி என்னமோ அதே வேகத்துலதான் போகும்.

அட, இதெல்லாம் பெருசில்லீங்க. பெரிய கெட்டது ஒண்ணு இருக்குது, அதைத்தான் சொல்ல வந்தேன். என்ற பழைய டீசல் வண்டி இருக்குதே, அது தண்ணி டேங்க் திருப்பத்துல வர்றப்பவே இங்க ஊட்டுக்குக் கேட்டுரும். நான் வந்து சேர்றதுக்குள்ள வாசக் கேட்டுத் தொறந்திருக்கும். டிவி நின்னிருக்கும். சம்பூரணம் சொம்புல தண்ணி வெச்சுட்டு வாசப்படில நிப்பா. தீபன் எதாச்சும் கணக்கு பாத்துட்டு இருப்பான். ஊடு கப்சிப்புன்னு இருக்கும். ஒரம்பரையெல்லாம் சொல்லுவாங்க, "உங்க ஊடு மாதிரி அமைதியான ஊட்டைப் பாத்ததில்லை"ன்னு. எனக்கும் அதுல ஒரு பெருமைதான். சம்பூரணம் எச்சாப் பேச மாட்டா, சிரிக்க மாட்டா, பாட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது. அப்படிப்பட்ட பொம்பள கெடைக்கறது கொடுப்பினை.

இந்த வண்டி வந்ததுக்கப்புறம் மொதல்ல கேட்டுத் தொறக்கறது நின்னு போச்சு. நானே எறங்கித் தொறந்து, நானே ஏறி, நானே உள்ள உட்டு, நானே சாத்தோணும். சரி போகட்டும். ஒருநா சங்ககிரில ஒரு வேலை சீக்கிரம் முடிஞ்சு மத்தியானமே வந்துட்டேன். போர்ட்டிகோவுல வண்டி நிக்குது, ஜன்னல் எறக்கி இருக்குது, எறங்கலாம்னு இருக்கறேன். உள்ள ஒரு பொம்பள சிரிக்குதுங்க. சும்மாச் சிரிப்பில்லை. மூச்சு முட்டி, விக்கி, "அய்யோ போதும், வயிறு வலிக்குது"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. யாரோ ஒரம்பரை வந்திருக்கறாங்கன்னு, வாசல்ல புதுச் செருப்பு கெடக்குதான்னு பாத்தேன். ஒண்ணையும் காணோம். அப்புறந்தான் தெரிஞ்சுது, அது சம்பூரணம்.

கலியாணமாகி இத்தனை வருசமாச்சு. அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பொறாமைன்னே வெச்சுக்குங்க. யாரு மேல பொறாமைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. தொண்டையைக் கனைச்சுட்டு உள்ள போனேன். டக்குன்னு நின்னுருச்சு. ஃபேன் ஓடற சத்தம் மட்டுந்தான். சொம்புல தண்ணி வந்துச்சு. "என்ன விசேசம்?"னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னா.

ஊட்டுல என்ன நடக்குதுன்னு ஊட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டாமுங்களா? அதனால விசாரிக்க ஆரம்பிச்சேன். ஆபீசை வெரசாப் பூட்டிட்டு வந்து, போர்ட்டிகோவுல நிறுத்தி, ஜன்னலைச் சித்த எறக்கி உட்டு உக்காந்துக்குவேன். ஒரு நாளு மருமவ மோகனா, "அத்தை, மாமா போன் பேசறதைச் செஞ்சு காட்டுங்க"ங்கறா. எங்கூட்டுக்காரி எந்திரிச்சு நின்னு கொரலைக் கட்டையாக்கி, "அலோ! ஆரு! போருல தண்ணி வல்லீன்னா நான் என்ன பாதாளத்துல எறங்கி மோந்துட்டு வரோணுமா!"ங்கறா. சொல்லக் கூடாது, அச்சு அசலா நானேதானுங்க. எனக்கே சிரிப்பு வந்துருச்சு, துண்டை வெச்சு வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் கோவமும் வந்துச்சு. ஆனா உள்ள போகலை. உள்ள போயிட்டா அடுத்தது என்னன்னு தெரியாமப் போயிருமில்ல?

பாட்டு வேற பாடறா. எங்க கத்துக்கிட்டாளோ தெரியாது. வெங்காயம் உரிச்சுக்கிட்டே மெதுவா, இழுத்து இழுத்து. மொதல்ல சித்த நேரம் உக்காந்திருந்தேன், அப்புறம் அரை மணி நேரம், அப்புறம் பொழுது சாயற வரைக்கும். இதுல இந்த வண்டியோட இன்னொரு கோளாறு இருக்குது. நின்னுட்டு இருக்கறப்ப ஏசி போட்டா பேட்டரி கொறைஞ்சுக்கிட்டே வரும், திடுதிப்புன்னு எஞ்சின் தானா எந்திரிச்சு உறுமும். ஒருக்கா அப்படித்தான், அவ பாடிட்டு இருக்கறப்ப உறுமிருச்சு. பாட்டு பாதியில நின்னுது. டிவி நின்னுது. சொம்பு வந்துருச்சு. அதுக்கப்புறம் ஏசியை அணைச்சுப்போட்டு வேர்த்து ஊத்த ஊத்த உக்காந்திருப்பேன். இத்தனை வெலைக்கு வண்டி வாங்கி உள்ள பனையோலை விசிறி வெச்சிருக்கறவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். அந்தா, பின் சீட்டுல கெடக்குது பாருங்க.

இப்படி இருக்கறப்பதான் ஒரு நாளு தீபன் கேக்கறான், "அம்மா, அப்பாகிட்ட எப்பச் சொல்றது?"னு. அவனுக்குக் கோயமுத்தூருல வேலை கெடைச்சிருக்குதாம். நம்ம ரிக்குத் தொழில் வேண்டாமாம். மோகனா அப்ப மாசமா இருந்தா. அவளுக்கு அம்மா இல்லை, அதனால பிரசவத்துக்குச் சம்பூரணந்தான் கூடப் போகோணும். அது வரைக்கும் சரி. அப்புறம் சம்பூரணம் சொல்றா, "புள்ளை பொறந்தாலும் நான் அங்கியே இருந்துக்கறேன் கண்ணு. இங்க வந்து நான் என்ன பண்ண?" தீபன், "அப்பா தேட மாட்டாரா?"ங்கறான். "தேடுவாரு. சொம்பைத் தேடுவாரு"ன்னா. அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கலீங்க.

நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனைக்கறீங்க? வேற ஒருத்தனா இருந்தா அவசரப்பட்டு உள்ள போயி, "என்ன சம்பூரணம், என்ன உனக்குக் கொறை?"ன்னு கேட்டிருப்பான். நான் அப்படி இல்லை. பொறுமையா ரோசனை பண்ணினேன். தப்பு எங்க இருக்குதுன்னு பாத்தேன். தப்பு வண்டிலதானுங்க இருக்குது. பழைய டீசல் வண்டியா இருந்தா நான் டேங்க் திருப்பத்துல வர்றப்பவே பேச்சை நிறுத்தியிருப்பாங்க. அந்த வார்த்தையே என்ற காதுல உழுந்திருக்காது. ஊடும் பழையபடி அமைதியா இருந்திருக்கும். அதனால மறுநாள்ல இருந்து அந்தத் திருப்பத்துலயே ஹாரனை அமுக்க ஆரம்பிச்சேன். ஊடு வந்து சேர்ற வரைக்கும் கையை எடுக்கறதில்லை. கேட்டுத் தொறந்துச்சு, டிவி நின்னுது, சொம்பு வந்துச்சு. பிரச்சினை தீந்துருச்சுன்னு நிம்மதியா இருந்தேன்.

அப்புறம் தீபன் வேலையைப் பத்தி எங்கிட்டச் சொல்லிட்டு, மோகனாவைக் கூட்டிட்டுக் கெளம்பற அன்னிக்குச் சம்பூரணமே வந்து, "பிரசவத்துக்குக் கோயமுத்தூர் போயிட்டு வரட்டுங்களா?"ன்னா. "செரி, போயிட்டு வா"ன்னேன். அவ போகாமச் சித்த நேரம் அங்கியே நின்னா. என்னமோ எதிர்பார்த்தா போல இருக்குது. பெரிய பை ரெண்டு கட்டி வெச்சிருந்தா, பிரசவத்துக்குப் போறவ எதுக்கு அத்தனை சேலை எடுத்துட்டுப் போறான்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கலை. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிருமே. "போறப்பக் கேட்டைச் சாத்திட்டுப் போங்க"ன்னு சொன்னேன். சாத்திட்டுத்தான் போனா.

பேரனுக்கு இப்பப் பல்லு மொளச்சிருச்சாம், தீபன் போன்ல சொன்னான். என்னது? போயிக் கூட்டிட்டு வர வேண்டியதுதானேங்கறீங்களா? போனேனே. போகாமயா? அவங்க ஊடு ரோட்டோரந்தான், ஜன்னல் தெருவைப் பாத்து இருக்குது. காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் வேப்பமரம் ஒண்ணு நிக்குது, அதுக்கடில நிறுத்தினேன். "கெளம்பு, போலாம்"னு ஒரே வார்த்தை, அதுதான் மனசுல வெச்சுட்டுப் போனேன். கதவைத் தொறந்து ஒரு காலைக் கீழ வெச்சுட்டேன். அப்பப் பாத்து சம்பூரணம் பேரனுக்குப் பருப்புஞ்சோறு ஊட்டிட்டு இருக்கறா, பாடறா. நடுவால "தாத்தா மாதிரிக் கத்து பாக்கலாம்"ங்கறா, அது "ஆ"ன்னு கத்துது, இவ சிரிக்கறா. உள்ள போனா நின்னு போயிருமுங்களே. காலை எடுத்து உள்ள வெச்சுக்கிட்டேன்.

இன்னொருக்கா போனப்ப மோகனா குப்பை கொட்ட வெளிய வந்தவ என்னைப் பாத்துட்டா. பாத்தவ "வாங்க மாமா"ன்னு ஒரு வார்த்தை கூப்பிடோணுமில்லீங்களா? இல்லை. பேசாம உள்ள போயி ஜன்னல் கதவை அகலத் தொறந்து வெச்சுட்டா. ஊட்டுக்குள்ள ஏசி ஓடிட்டு இருக்குது தம்பி, அப்பவும் ஜன்னலைத் தொறந்து போடறா. கரண்டு பில்லைப் பத்திக் கொஞ்சமாச்சும் கவலை வேண்டாமா? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியறதில்லை. அதுக்கப்புறம் நான் எப்பப் போனாலும் அந்த ஜன்னல் தொறந்துதான் கெடக்குது.

இந்தச் சனியனை வித்துப்போட்டு, நல்ல சத்தமா ஒரு டீசல் வண்டி எடுத்துட்டா, எல்லாம் பழையபடி ஆயிரும்னுதான் புரோக்கர்கிட்டச் சொல்லி வெச்சேன். நீங்களும் வந்துட்டீங்க.

என்னங்க, எடுத்துக்கறேங்கறீங்களா? இத்தனை கொறை சொன்னதுக்கப்புறமுமா? இருங்க, இருங்க, சாவி இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்த வண்டி டீசல்தானுங்களே? நீங்க தெருமுக்குல திரும்பறப்பவே எனக்கு இங்க கேட்டுச்சு. உங்க ஊட்டுலயும் அப்படித்தான் கேக்குமில்ல? கேட்டதும் கேட்டைத் தொறந்து வெப்பாங்கல்ல? தண்ணி வருமில்ல? ஊடு அமைதியா இருக்குமில்ல? "ஆமாங்க, எங்க ஊட்டுல ஒரு சத்தம் இருக்காது"ன்னு எவ்வளவு சந்தோசமாச் சொல்றீங்க. அப்ப அந்த வண்டியையே வெச்சுக்குங்க தம்பி. மாத்திப்போடாதீங்க.

கோவிச்சுக்காதீங்க, இதை நான் விக்கலை. மோரைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க, எனக்கும் நேரமாச்சு. பொழுதுக்குள்ள கோயமுத்தூர் போயிச் சேரோணும். சித்த லேட்டானாலும் அந்த வேப்பமரத்தடில பானிபூரிக்காரன் வண்டியைக் கொண்டாந்து நிறுத்திப்போடறான். கரண்டியை வெச்சுச் சட்டியைத் தட்டித் தட்டி ஒரே சத்தமுங்க அவன், ஒரு வார்த்தை காதுல உழ மாட்டேங்குது.